விழும் பொருளின் முடுக்கம்: காற்றையும் கணக்கில் சேர்ப்போம்



இயற்பியல் வினாத்தாளில் பல காலமாக இடம்பிடித்து வரும் ஒரு வரி உண்டு: ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.’ அந்த வரி இருந்தால் மாணவர்களுக்கு நிம்மதி. முடுக்கம் 9.8 என்று எழுதிவிடலாம், மீதியைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். தொடக்கப் பாடத்துக்கு அது சரியான வழிதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளை, காற்றைச் சேர்த்தால் கணக்கு நமக்கு எட்டாது என்ற எண்ணத்தோடு வருகிறது. அது உண்மையில்லை என்பதை இந்த மாலையில் உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டே காட்ட விரும்புகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

புறக்கணித்தால் என்ன வரும் என்று முதலில் பார்ப்போம். இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து ஒரு மழைத்துளி விழுகிறது. காற்றே இல்லையென்றால் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அப்படி மழை பெய்தால் வயலில் ஒரு நாற்றும் மிஞ்சாது. உண்மையில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி வினாடிக்கு 4 மீட்டர் வேகத்திலும், 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளி 9 மீட்டர் வேகத்திலும் வந்து சேருகின்றன. கன், கின்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1949-இல் வெளியிட்ட அளவீடுகள் இவை. மழையைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. விடையில் 198-க்கும் 9-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இதைச் சிறு திருத்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

காற்று எப்படித் தடுக்கிறது? விழும் பொருள் தன் வழியிலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஒரு வினாடியில் அது தள்ள வேண்டிய காற்றின் அளவு இரண்டு மடங்காகிறது. அந்தக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய வேகமும் இரண்டு மடங்காகிறது. இரண்டும் சேர்ந்தால் தடை நான்கு மடங்கு. மும்மடங்கு வேகத்தில் தடை ஒன்பது மடங்கு. ஆக, தடைவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழுமையாகச் சொன்னால், அரை, காற்றின் அடர்த்தி, பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பு, வடிவத்தைக் குறிக்கும் தடைக்கெழு, வேகத்தின் வர்க்கம் ஆகிய ஐந்தையும் பெருக்கினால் தடைவிசை கிடைக்கும்.

பொருள் கையை விட்டு நழுவும் கணத்தில் வேகம் சுழி, தடையும் சுழி. அப்போது முழு ஈர்ப்பு முடுக்கமும் அதற்குக் கிடைக்கிறது. வேகம் ஏற ஏறத் தடை ஏறுகிறது, முடுக்கம் குறைகிறது. ஒரு கட்டத்தில் தடை எடைக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. அந்த வேகத்தைத்தான் முற்றுத் திசைவேகம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இதை வைத்து முடுக்கத்தைக் காண எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கணத்து வேகத்தை முற்றுத் திசைவேகத்தால் வகுங்கள். வந்ததை வர்க்கமாக்குங்கள். 1-இலிருந்து கழியுங்கள். தொடக்க முடுக்கத்தால் பெருக்குங்கள். அந்தக் கணத்தின் முடுக்கம் இதுதான். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று நெடுந்தூரம் போகப்போகிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த இடம் லண்டன், செயின்ட் பால் தேவாலயம். ஆண்டு 1710, ஜூன் மாதம். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த அந்தக் கட்டடம் அப்போது புத்தம் புதிது. உள்ளே, குவிமாடத்தின் உயரத்திலிருந்து பிரான்சிஸ் ஹாக்ஸ்பி என்ற ஆய்வாளர் கண்ணாடிக் குண்டுகளை விழவிட்டார். நியூட்டன் அந்த முடிவுகளைத் தம் ‘பிரின்சிபியா’ நூலின் இரண்டாம் பதிப்பில் அட்டவணையாகவே சேர்த்தார். உயரம் 220 அடி. ஒவ்வொரு முறையும் இரண்டு குண்டுகள். ஒன்று பாதரசம் நிரப்பிய சிறு குண்டு, மற்றொன்று காற்று மட்டுமே உள்ள பெரிய குண்டு.

இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி விடுவது? ஒரு மரப்பலகையின் ஒரு பக்கத்தை இரும்புக் கீல்களில் மாட்டினார்கள். மறுபக்கத்தை ஒரு மர ஆப்பு தாங்கி நின்றது. பலகைமேல் இரு குண்டுகள். ஆப்பிலிருந்து ஒரு இரும்புக் கம்பி தரைவரை தொங்கியது. கீழிருந்து கம்பியை இழுத்தால் ஆப்பு விலகும், பலகை கீலில் மடங்கும், குண்டுகள் நழுவும். அதே இழுப்பில், வினாடிக்கு ஒரு முறை அசையும் ஊசலும் ஆடத் தொடங்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் இப்படி ஒரு கடிகாரத்தைத் தொடக்கியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் மரியாதையைச் சொல்லி முடியாது.

அட்டவணையின் முதல் வரிசையை எடுத்துக்கொள்வோம். காற்றுக் குண்டின் எடை 510 கிரெயின், விட்டம் 5.1 அங்குலம். நம் அளவில் 33 கிராம், 13 சென்டிமீட்டர். விழ எடுத்த நேரம் எட்டரை வினாடி. பாதரசக் குண்டு எடுத்தது 4 வினாடி.

நியூட்டன் இங்கே ஒரு கேள்வி கேட்கிறார். தடையே இல்லாவிட்டால் 220 அடி விழ 3.7 வினாடிதான் ஆகும். பாதரசக் குண்டு கனமானது, சிறியது, காற்று அதை அதிகம் தடுக்காது. பிறகு ஏன் 4 வினாடி? ஆப்பு விலகியதும் பலகை உடனே மடங்கவில்லை. குண்டு அதன்மேல் சற்று நேரம் தங்கியபடி இறங்கியிருக்கிறது. ஆக, அந்த 0.3 வினாடியைக் காற்றுக் குண்டின் நேரத்திலிருந்தும் கழிக்க வேண்டும். எட்டரை 8.2 ஆகிறது. பாதரசக் குண்டை அளவுகோலாக்கிக் கருவியின் பிழையைப் பிடித்த இந்த இடத்தை ஒவ்வொரு ஆய்வக மாணவரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கண்டிப்பாகப் பார்த்தால் பாதரசக் குண்டுக்கும் கொஞ்சம் தடை உண்டு. நம் வரியைப் போட்டுப் பார்த்தால், அது தரையை நெருங்கும்போது முடுக்கம் 9.8-இலிருந்து 7.8 வரை இறங்கியிருக்கும், நேரத்தில் 0.07 வினாடி கூடியிருக்கும். நியூட்டன் அதை விட்டுவிட்டார். விட்டதால் பெரிய பாதகமில்லை.

இப்போது நம் முறை. குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 132 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0132 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். வழவழப்பான கோளத்துக்கு இந்த வேகத்தில் தடைக்கெழு ஏறத்தாழ 0.5. அரையையும் சேர்த்து நான்கையும் பெருக்கினால் 0.00396. காற்றில் நிறுத்த எடை 0.324 நியூட்டன். எடையை 0.00396-ஆல் வகுத்தால் 82-க்குச் சற்றுக் குறைவு. அதன் வர்க்கமூலம் 9. முற்றுத் திசைவேகம் வினாடிக்கு 9 மீட்டர்.

தொடக்க முடுக்கம் 9.8 அல்ல, 9.4 என்று வைக்க வேண்டும். குண்டு வெளியேற்றும் காற்றின் மிதப்பு விசை அதைச் சற்றுத் தாங்குகிறது. இரும்புக் குண்டுக்கு இதைப் பார்க்கத் தேவையில்லை. காற்று நிறைந்த கண்ணாடிக் குண்டுக்குப் பார்க்க வேண்டும்.

நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வினாடியாக வெட்டிக்கொள்வோம். அந்தச் சிறு இடைவெளிக்குள் முடுக்கம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் 0.1 வினாடியில் முடுக்கம் 9.4, ஆகவே வேகம் 0.94. அதை 9-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.011. 1-இலிருந்து கழித்து 9.4-ஆல் பெருக்கினால் புதிய முடுக்கம் 9.3. அடுத்த 0.1 வினாடியில் வேகம் 1.87, முடுக்கம் 8.99. அடுத்து வேகம் 2.77, முடுக்கம் 8.51. இப்படியே போனால் அரை வினாடியில் வேகம் 4.4, முடுக்கம் 7.1. ஒரு வினாடி முடியும்போது வேகம் 7.2, முடுக்கம் 3.4. ஒன்றரை வினாடியில் முடுக்கம் 1.2. இரண்டு வினாடியில் ஏறத்தாழ அரை.

நீங்கள் கேட்கலாம், இடைவெளிக்குள்ளும் முடுக்கம் குறைந்துகொண்டுதானே இருக்கிறது, அதை மாறாததாக எடுத்தால் பிழை வராதா என்று. வரும். ஒரு வினாடி முடிவில் நமக்கு 7.2 வந்தது, சரியான விடை 7.0. படியை 0.01 ஆக்கினால் விடை 7.0-ஐ நெருங்கிவிடும். லியோனார்ட் ஆய்லர் 1768-இல் வெளியிட்ட தொகை நுண்கணித நூலில் வகுத்துக் கொடுத்த வழி இது. இன்று கணினியில் வானிலை கணிப்பவர்களும் ஏவுகணைப் பாதை வரைபவர்களும் இதன் நுணுக்கமான வடிவங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் தொகையிட்டுக் கிடைக்கும் முடிந்த சூத்திரமும் உண்டு. கல்லூரி மாணவர்கள் அதைத் தாங்களே வருவித்துப் பாருங்கள். படிப்படியாகப் போகும் முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அடர்த்தி மாறினாலும் வடிவம் மாறினாலும் அது கைவிடாது. முடிந்த சூத்திரம் அங்கே நின்றுவிடும்.

முதல் இரண்டு வினாடியில் குண்டு ஏறத்தாழ 12 மீட்டர் இறங்கியிருக்கும். 220 அடி என்பது 67 மீட்டர். மீதி 55 மீட்டரை அது ஏறத்தாழ மாறாத வேகத்தில், வினாடிக்கு 9 மீட்டராகக் கடக்கிறது. அதற்கு 6.1 வினாடி. மொத்தம் 8.1.

ஹாக்ஸ்பியின் ஊசல் காட்டியது, திருத்தத்துக்குப் பின், 8.2.

முந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் விழவிட்ட கண்ணாடிக் குண்டின் நேரத்தை, இந்த அரங்கில் உட்கார்ந்து, நாம் பத்தில் ஒரு வினாடிக்குள் சொல்லிவிட்டோம். நியூட்டனும் தம் கொள்கைப்படி கணக்கிட்டார். அந்த நேரத்தில் குண்டு எத்தனை அடி இறங்கியிருக்க வேண்டும் என்று அவர் கண்ட விடை, 220 அடிக்குச் சில அடிதான் கூடுதல். கோளத்துக்கு அவர் கண்ட தடையை இன்றைய மொழியில் சொன்னால் கெழு சரியாக 0.5. அவர் அதற்குச் சொன்ன காரணத்தைப் பிற்காலப் பாய்ம இயக்கவியல் ஏற்கவில்லை. ஆனாலும் எண் நின்றுவிட்டது.

1719 ஜூலையில் டெசாகுலியே என்ற ஆய்வாளர் அதே தேவாலயத்தில், இன்னும் மேலே 272 அடியிலிருந்து, பன்றியின் சிறுநீர்ப்பைகளை விழவிட்டார். ஈரமான பையை மரக் கோள அச்சுக்குள் வைத்து ஊதி, உலர்த்தி உருண்டையாக்கியிருந்தார்கள். ஈயக் குண்டு நாலேகால் வினாடியில் தரைக்கு வந்தது. பைகள் ஏறத்தாழ 17 முதல் 22 வினாடி வரை எடுத்துக்கொண்டன. அளவில் ஒன்றுபோல இருந்த பைகளுள் எடை கூடியது முதலில் வந்தது. கனமான பொருள் வேகமாக விழும் என்று சொன்னால் பள்ளியில் தவறு என்று திருத்துகிறோம். வெற்றிடத்தில் அது தவறுதான். காற்றில், ஒரே வடிவும் ஒரே அளவும் இருந்தால் கனமானது முந்தும், அதன் முற்றுத் திசைவேகம் எடையின் வர்க்கமூலப்படி கூடும். இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வர்க்க விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மேகத்துக்குள் இருக்கும் நுண்துளியின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சிறிய பொருளுக்குக் காற்று பாகுபோல நடந்துகொள்கிறது, தடை வேகத்தின் முதல் படிக்கே நேர்விகிதம். ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதி இது. நம் வரியில் வர்க்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் அதன் முடுக்கமும் வந்துவிடும். அந்தத் துளியின் முற்றுத் திசைவேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆயிரத்தில் சில பங்கு வினாடியில் அதை எட்டிவிடுகிறது. அசையாத காற்றில் இரண்டு கிலோமீட்டர் இறங்க அதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். சிறு மேலெழு காற்றுக்கூட அதைத் தாங்கிவிடும். மேகம் வானத்தில் நிற்பதன் காரணம் இதுவே. எண்ணெய்த் துளிகள் விழும் வேகத்தை அளந்து, இதே விதியைக் கொண்டுதான் மில்லிகன் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார்.

மறுமுனையில், வேகம் மிக அதிகமானால்? அந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர் நம் மண்ணில் உயிர் நீத்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். துப்பாக்கிக் குண்டை ஒரு கனமான ஊசலில் மோதவிட்டு, ஊசல் எவ்வளவு உயர்ந்தது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டார். வெவ்வேறு தொலைவில் ஊசலை வைத்து, வழியில் காற்று எவ்வளவு வேகத்தைப் பறித்தது என்று அளந்தார். 1742-இல் வந்த அவர் நூல் பீரங்கிக் கலையையே மாற்றியது. அதுவரை, கனமான உலோகக் குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை என்று பலரும் நினைத்திருந்தார்கள். முக்கால் அங்குல ஈயக் குண்டு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை அதன் எடையைப் போல நூறு மடங்கு. நம் சூத்திரத்தில் 0.5 என்ற அதே கெழுவைப் போட்டால் ஏறத்தாழ அதில் பாதிதான் வருகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை வர்க்க விதியை மீறித் திடீரென எகிறுவதையும் அவர் கவனித்தார். ஆய்லரே அந்த நூலை விளக்கங்களுடன் 1745-இல் ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக்கிக் கோட்டைகளைச் சீர்செய்ய அனுப்பியது. 1750-இல் வந்தவர், 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில், காய்ச்சலில் இறந்தார். அவர் வந்த வேலை ஆதிக்கத்துக்கான வேலை, அதை மறைக்க வேண்டியதில்லை. காற்றின் தடையை அளந்த மனிதர் என்ற அளவில் கடலூர் மாணவர்களுக்காவது அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஒலியின் வேகம் என்றதும் 2012 அக்டோபர் 14 நினைவுக்கு வரும். பெலிக்ஸ் பாம்கார்ட்னர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வானில், பலூனில் 39 கிலோமீட்டர் உயரம் சென்று குதித்து, ஒலியைவிட வேகமாக விழுந்தார். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே தொடக்கத்தில் ஏறத்தாழ முழு முடுக்கம், அந்த உயரத்தில் 9.7. ஐம்பது வினாடியில் அவர் வேகம் மணிக்கு 1,357 கிலோமீட்டர், வினாடிக்கு 377 மீட்டர். காற்றே இல்லாதிருந்தால் 480-ஐத் தாண்டியிருக்கும்.

இங்கே நம் வரி ஒரு புதுமையைக் காட்டுகிறது. கண்ணாடிக் குண்டுக்கு முற்றுத் திசைவேகம் மாறாத எண். பாம்கார்ட்னருக்கு அப்படியில்லை. கீழே வர வரக் காற்று தடிக்கிறது, முற்றுத் திசைவேகம் குறைந்துகொண்டே போகிறது. ஐம்பதாவது வினாடியை ஒட்டி, குறைந்துவந்த அந்த எண்ணும் ஏறிவந்த அவர் வேகமும் சந்தித்துக்கொண்டன. அந்தக் கணத்தில் முடுக்கம் சுழி. அதன் பிறகு அவர் வேகம் முற்றுத் திசைவேகத்தைவிட அதிகம். வகுத்தால் 1-க்கு மேல் வருகிறது, வர்க்கமாக்கி 1-இலிருந்து கழித்தால் குறை எண். விழுந்துகொண்டிருக்கும் மனிதரின் முடுக்கம் மேல்நோக்கித் திரும்பிவிட்டது. பாராசூட் இன்னும் விரியவில்லை. ஏறத்தாழ நாலேகால் நிமிடம் நீடித்த அந்த வீழ்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் அவர் வேகம் இழந்துகொண்டேதான் விழுந்தார். கீழே விழுவதென்றால் வேகம் ஏறுவது என்ற பழக்கத்தை மனத்திலிருந்து கழற்ற இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதே வரியைச் சாதாரண வான்குதிப்பாளரின் பாராசூட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கைகால் விரித்து விழுபவரின் வேகம் வினாடிக்கு 55 மீட்டர். விரிந்த பாராசூட்டோடு முற்றுத் திசைவேகம் 5. பாராசூட் ஒரே கணத்தில் விரிந்துவிட்டால்? 55-ஐ 5-ஆல் வகுத்தால் 11, வர்க்கம் 121, 1-இலிருந்து கழித்தால் குறை 120. ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 120 மடங்கு மேல்நோக்கிய இழுப்பு. உடல் தாங்காது. பாராசூட் செய்பவர்கள் அதனால்தான் கயிறுகளின் ஊடே ஒரு செவ்வகத் துணியைக் கோத்து வைக்கிறார்கள். காற்றின் எதிர்ப்பில் அந்தத் துணி மெல்ல இறங்கும். அது இறங்கும் வரை பாராசூட் முழுதாக விரிய முடியாது. சில வினாடிகளுக்குள் பரப்பு படிப்படியாகக் கூடுகிறது, இழுப்பு சில மடங்கோடு அடங்கிவிடுகிறது. ஒரு கை அகலத் துணி எத்தனை உயிரைக் காக்கிறது என்பதை இந்தக் கணக்கு தெரிந்தவர்தான் முழுதாக உணர முடியும்.

மாணவர்களே, நாளை நீங்களே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். பேக்கரியில் கப் கேக் வைக்கும் காகிதக் கிண்ணங்கள் ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள், ஒன்று தனியாக இருக்கட்டும். அடுக்கின் வடிவமும் பரப்பும் ஒற்றைக் கிண்ணத்தைப் போலவேதான், எடை மட்டும் நான்கு மடங்கு. ஆக, முற்றுத் திசைவேகம் இரண்டு மடங்கு. ஒற்றைக் கிண்ணத்தை ஒன்றரை மீட்டர் உயரத்திலும் அடுக்கை மூன்று மீட்டர் உயரத்திலும் பிடித்து ஒரே நேரத்தில் விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும். கைப்பேசியில் படம் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அடுக்கு ஒரு சிறு நொடி பிந்தி வருவது தெரியும், பத்தில் ஒரு வினாடி அளவில், ஏறத்தாழ மூன்று சட்டகங்கள். தன் முற்றுத் திசைவேகத்தை எட்ட அடுக்குக்கு இரண்டு மடங்கு நேரம் தேவைப்பட்டதால் வந்த தாமதம் அது. அது எவ்வளவு இருக்கும் என்பதை 0.01 வினாடிப் படிகளில் முன்பே கணக்கிட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் கிண்ணங்களை விடுங்கள்.